நமது ஆறு போய்ச் சேரும் கடலை நமது பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

பூண்டுலோயா உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஓடும் விவாதத்துக்கு அங்கேயே பதில் எழுதப் பார்த்தோம். குரல் பதிவுகளுக்கும் 'குட் மோர்னிங்' படங்களுக்கும் நடுவில் அது காணாமற் போய்விடும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறோம். தட்டச்சு செய்வது ஒருவர்தான். ஆனால் போன வருடம் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிச் சென்ற நான்கு ஆசிரியர்களும் சேர்ந்து பேசியதுதான் இது.

விவாதம் உங்களுக்குத் தெரியும். இந்த ஆகஸ்டிலும் நிலாவெளிக்கும் புறாமலைக்கும் போவோம் என்று நாங்கள் சொன்னோம். வேண்டாம் என்று பலர் எழுதினார்கள். சும்மா எழுதவில்லை, காரணத்தோடுதான் எழுதினார்கள். டித்வா அடித்து இன்னும் சில குடும்பங்கள் சொந்த லயத்துக்குத் திரும்பவில்லை, இந்த நிலையில் உல்லாசப் பயணம் எதற்கு என்றார் ஒரு தந்தை. பஸ் விபத்தைச் சொன்னார் இன்னொருவர். பொம்பளைப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது சரியா என்று நமது பள்ளிவாசல் பக்கத்து நானா ஒருவர் கேட்டார். அந்தக் காசுக்கு கணித டியூஷன் வைக்கலாம் என்றும் ஒரு குரல்.

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. முதலில் போன வருடம் நடந்ததைச் சொல்கிறோம். போகாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

38 பிள்ளைகள் வந்தார்கள், தரம் 9, 10. புறப்படுவதற்கு முந்தின வாரம் வகுப்பில் கை உயர்த்தச் சொன்னோம், கடலைக் கண்ணால் கண்டவர் யார் என்று. ஏழு கைகள். அதில் ஒன்று கொழும்பில் சித்தி வீட்டுக்குப் போனபோது பஸ் ஜன்னலால் கண்டது, இறங்கவில்லை. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நிலப்பரப்பே தீவு என்று மூன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் இவர்கள். பதினைந்து வயது வரை அந்த நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தைக்கூடக் காணவில்லை. பெற்றோரைக் குறை சொல்லவில்லை. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா. நாங்கள் பிள்ளைக்கு 4,000 ரூபா சேர்த்தோம். அது மூன்று நாள் கொழுந்து. அந்தக் காசின் பாரம் தெரிந்துதான் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்கு எழுதி பாடசாலைச் சுவரில் ஒட்டினோம்.

இரவுப் பயணம் வேண்டாம் என்பதை நாங்கள் முதலிலேயே முடிவு செய்திருந்தோம். 2025 மே 11ஆம் திகதி, நமக்குப் பக்கத்தில், கொத்மலை கெரண்டிஎல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அதிகாலையில் நடந்த விபத்து அது. நமது ஊர்களில் பாடசாலைச் சுற்றுலா என்றால் எப்படி? இரவு ஒன்பதுக்கு ஏறி, விடிய விடிய பாட்டுப் போட்டு, மூன்று நாளில் ஒன்பது இடம். ஒவ்வொரு இடத்திலும் அரை மணித்தியாலம், ஒரு குறூப் போட்டோ, பிறகு "ஏறுங்க ஏறுங்க". திரும்பி வந்து எங்கே போனீர்கள் என்று கேட்டால் பிள்ளை சாப்பிட்ட கடையைச் சொல்லும். நாங்களும் பல வருடம் அப்படித்தான் நடத்தினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இந்தமுறை சுபஹ் தொழுகை முடிந்து, வெளிச்சம் வரும்போது ஏறினோம். தவலந்தென்ன, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். இரண்டு சாரதிகள். நிலாவெளியில் ஒரு நண்பரின் பாடசாலை மண்டபத்தில் படுக்கை. மறுநாள் முழுவதும் கடல். அதற்கடுத்த நாள் பகலில் திரும்பினோம். பார்த்தது மூன்று இடந்தான்.

அந்த முழு நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

விடியற்காலை ஆறு மணிக்கு நிலாவெளிக் கரைக்கு நடந்தோம். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். போடவில்லை. முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. மலைக்குள் வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணுக்கு எதிரே எப்போதும் ஒரு சரிவு இருக்கும், ஒரு தேயிலை மலை இருக்கும். பார்வை போய் முட்டாத ஒரு இடத்தில் அவர்கள் நின்றது அன்றுதான் முதல் தடவை. "சேர், அந்தக் கோட்டுக்கு அப்பால என்ன?" என்று கேட்டான் ஒருவன். வங்காள விரிகுடா, அதைத் தாண்டினால் அந்தமான், சுமாத்திரா என்றோம். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து விரலை நனைத்து நக்கிப் பார்த்தார்கள். உப்பு என்று தெரியும், புத்தகத்தில் இருக்கிறது. என்றாலும் 38 பேரும் நக்கிப் பார்த்தார்கள். பாதிப் பேரின் கையில் வெறும் போத்தல். பாட்டி கடல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதாம்.

கரையில் மணலில் கருமையாக ஒரு கோடு ஓடியது. சில இடத்தில் ஊதா கலந்த சிவப்பு. தரம் 10 மாணவன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "சேர், இது எரிமலைச் சாம்பலா?" புவியியல் புத்தகத்தில் எரிமலைத் தீவுகளின் கறுப்பு மணற்கரைப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறான். நல்ல கேள்வி. அன்று பிற்பகல் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனபோது அதே கேள்வி இன்னும் பலமாக வந்தது. ஏழு கிணறுகள், ஒன்றுக்கொன்று சூடு வேறு. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, "கீழ நெருப்பு இருக்கு, இலங்கையும் எரிமலைத் தீவுதான்" என்று அவன் தீர்ப்பே கொடுத்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எங்களில் இரண்டு பேருக்குச் சரியான பதில் தெரியவில்லை. இரவு மண்டபத்தில் போனை வைத்துக்கொண்டு படித்துத்தான் சொன்னோம். இலங்கை எரிமலையால் உண்டான தீவு அல்ல. இன்று இங்கே உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. நமது மத்திய மலைநாட்டின் பாறைகள் பூமிக்கடியில் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் நம்மோடு ஒட்டியிருந்த காலத்தில் நடந்தது அது. கன்னியாவில் சூடு வருவது எரிமலையால் அல்ல. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழமாக இறங்குகிறது. பூமியின் உள்ளே போகப் போகச் சூடு கூடும். அங்கே சூடாகி வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. மகாஓயாவிலும் ஹம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலஸ்ஸவிலும் இதே மாதிரி வெந்நீரூற்றுகள் உண்டு.

அப்படியானால் அந்தக் கறுப்பு மணல்? அதுதான் எங்களையே அசர வைத்தது. அது இல்மனைற்று, சிவப்பு கார்னட். நிலாவெளிக்கு வடக்கே புல்மோட்டையில் இந்தக் கனிய மணலை அரசாங்கமே அள்ளி ஏற்றுமதி செய்கிறது. உள்நாட்டுப் பாறைகள் மழையில் உக்கிக் கரைந்து, ஆறுகள் காலங்காலமாக இழுத்துவந்து, அலை பிரித்துப் போட்ட மணல். அதாவது மலைகள்தான் பொடியாகி இங்கே கிடக்கின்றன.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள், "அப்ப எங்க ஆத்துத் தண்ணியும் இங்கதான் வருதா டீச்சர்?"

வருகிறது. பலகையில் எழுதிக் காட்டினோம். பூண்டுலோயா ஆறு கொத்மலை ஓயாவில் சேர்கிறது. கொத்மலை ஓயா மகாவலியில். பிறகு பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று ஒவ்வொரு அணையாகத் தாண்டி, மினிப்பே, மன்னம்பிட்டி வழியாகப் போய், மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. மகாவலி 335 கிலோமீற்றர், நாட்டிலேயே நீளமான ஆறு. அது முடியும் இடம் திருகோணமலை. டன்சினேன் அருவியில் நாம் போட்டோ எடுக்கும் தண்ணீரும், லயத்துக்குப் பின்னால் ஓடும் கானும், எல்லாம் கடைசியில் அங்கேதான் போகின்றன. பூண்டுலோயாவில் இத்தனை வருடம் படிப்பித்த எங்களுக்கே இது ஒரே கோடாக மனதில் பட்டது அன்றிரவுதான். திரும்பும் நாள் காலையில் கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி அந்தக் குடாவைக் காட்டினோம். ஐந்து நிமிடம் மட்டும். சாரதி ஹோர்ன் அடித்தார்.

அந்த எரிமலைப் பையனின் கேள்விக்கு மீதிப் பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையான எரிமலைத் தீவுகள் நமது இந்து சமுத்திரத்திலேயே இருக்கின்றன, அங்கே நமது ஆட்களும் இருக்கிறார்கள். மொரிசியஸ் முழுக்க எரிமலையால் உண்டான தீவு. இப்போது அடங்கிவிட்டது. கியூர்பைப் என்ற ஊரின் நடுவிலேயே பழைய எரிமலை வாய் ஒன்று பள்ளமாக, மரம் மூடிக் கிடக்கிறது. அதன் பக்கத்திலுள்ள ரீயூனியன் தீவில் பித்தோன் த லா பூர்னேஸ் என்ற எரிமலை இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது, 2,632 மீற்றர் உயரம். 1977இல் அதன் குழம்பு ஒரு கிராமத்துக்குள் இறங்கி, தேவாலயத்தின் வாசல் வரை வந்து, இரண்டாகப் பிரிந்து ஓடியது. 2007இல் மலையுச்சியின் நடுப்பகுதியே 300 மீற்றர் அளவுக்கு உள்ளே இறங்கிவிட்டது. அங்கேயும் கறுப்பு மணற்கரை உண்டு. ஆனால் அது எரிமலைக் குழம்பு உடைந்த மணல். நிலாவெளியில் கிடப்பது வேறு. இரண்டும் கறுப்புத்தான், வந்த வழி வேறு.

நமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது வெறும் பாறைக்கதையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து நமது முன்னோர் மன்னார் வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்த அதே நூற்றாண்டில், இன்னொரு கூட்டத்தை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றி மொரிசியஸுக்கும் ரீயூனியனுக்கும் கொண்டுபோனார்கள். இங்கே கோப்பி, பிறகு தேயிலை. அங்கே கரும்பு. மொரிசியஸில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் என்ற துறைமுகப் படிக்கட்டை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அந்த நாட்டுப் பணத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. ரீயூனியனின் தலைநகரில் குஜராத்திலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. மொரிசியஸில் எரிமலை மண்ணில் தேயிலையும் வளர்க்கிறார்கள் என்றதும், "அங்கயும் கொழுந்துதானா!" என்று ஒருத்தி தலையில் கை வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்தபின் கொஞ்சநேரம் அமைதி.

புறாமலையைச் சொல்லாமல் விட முடியாது. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், படகில் கால் மணித்தியாலம். பாறைப்புறாக்கள் குஞ்சு பொரிக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. கரையில் மணலைவிட உடைந்த முருகைக்கல்தான் அதிகம், செருப்பில்லாமல் நடக்க முடியாது. முழங்காலளவு தண்ணீரிலேயே கிளிமீன்கள். படகுக்காரர் ஒருவர் கைகாட்டிய இடத்தில், செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா இரண்டு, யாரையும் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தன. சுறா என்றதும் அலறி ஓடுவார்கள் என்று பயந்தோம். நடந்தது வேறு. இன்னும் கிட்டப் போகப் பார்த்தார்கள், நாங்கள்தான் பிடித்து இழுத்தோம்.

முருகைக்கல் கல் அல்ல, சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு என்று முதல்நாளே சொல்லியிருந்தோம். தண்ணீர் வழமையைவிடச் சூடானால் அதற்குள் வாழும் பாசி வெளியேறி, முருகை வெளுத்து, கடைசியில் செத்துப்போகும். 1998இல் ஹிக்கடுவையில் அப்படித்தான் பெரும்பகுதி அழிந்தது. அங்கே புறாமலையில், எங்களுக்குப் பக்கத்தில், நன்றாக உடுத்திய பெரியவர்கள் சிலர் உயிருள்ள முருகையின் மேல் ஏறி நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நமது பிள்ளை ஒன்று கேட்டது, "சேர், அதுக்கு உயிர் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" நாங்கள் வாய் திறக்கவில்லை. புது ஊர், தெரியாத ஆட்கள், எதற்கு வம்பு என்று நின்றோம். படகுக்காரர்தான் சத்தம் போட்டு இறக்கினார். அந்த இடத்தில் நாங்கள் ஆசிரியராக நடந்துகொள்ளவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

உறுத்தும் இன்னொன்றும் உண்டு. கரையில் ஒதுங்கியிருந்த குப்பையைப் பிள்ளைகள் சாக்கில் பொறுக்கினார்கள். யோகட் கப், ஷொப்பிங் பேக், பால்மா உறை. "இது நம்ம டவுன்ல இருந்தும் வந்திருக்கலாம்" என்று ஒருவன் சொன்னான். அணைகளைத் தாண்டி அந்த உறை வந்ததா என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் பூண்டுலோயா டவுனில் கடை பூட்டிய பிறகு குப்பை எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். பாலத்தடியில் நின்று பார்த்தால் போதும். மரக்கறிக் கழிவு, கோழி இறகு, ரெஜிபோம் பெட்டி. தோட்டத்துக்காரர்கள் மட்டுமா போடுகிறார்கள்? டவுனில் கடை வைத்திருக்கும் நாங்களும், நமது சமூகத்துக்காரர்களும்தான் போடுகிறோம். சுத்தம் ஈமானின் பாதி என்று சுவரில் எழுதி வைத்த அதே சுவருக்குப் பின்னால்.

இப்போது விவாதத்துக்கு வருவோம்.

டித்வாவுக்குப் பிறகு எதற்குச் சுற்றுலா என்கிறீர்கள். கடந்த நவம்பர் கடைசியில் என்ன நடந்தது என்பது நாம் எல்லோரும் பட்டது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமது மாவட்டத்தில் பாதைகள் அறுந்து, கரண்டும் போன் சிக்னலும் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தோம். அந்தப் புயல் வந்த வழியைப் படத்தில் பார்த்தீர்களா? கிழக்குக் கடற்பக்கமாக வந்தது. நமது பிள்ளைகள் ஆகஸ்டில் அமைதியாகக் கண்ட அதே கடல். பாடசாலை மறுபடி திறந்த முதல் வாரம் அவர்கள் கேட்ட கேள்வி, "சேர், அந்தக் கடல்ல இருந்தா இவ்வளவு தண்ணி வந்திச்சு?" ஆமாம். கடல் சூடாகி, நீராவியாகி, காற்று தூக்கிவந்து நமது மலையில் மோதிக் கொட்டியது. அந்தத் தண்ணீர்தான் மலையைக் கரைத்துக்கொண்டு மகாவலி வழியாகத் திரும்பக் கடலுக்குப் போனது. கடலைக் காணாத பிள்ளைக்கு இதை எப்படிப் படிப்பிப்பது? சுண்ணாம்புக் கட்டியால் ஒரு அலை கீறியா?

சுற்றுலா முடிந்து வந்தபின் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்று தொடங்கினார்கள். வெட்டிய சோடாப் போத்தலில் அளவு கீறி மழைமானி. பத்து வீடுகளில் வைத்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகளையும் கொப்பியில் எழுதி வைத்தார்கள். மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால் யோசிக்காமல் வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், இவையும் அடையாளம். நவம்பர் 27 இரவு ஒரு வீட்டில் போத்தல் நிரம்பி வழிந்தது. அளவு எழுத இடமில்லை. அந்தப் பையன் நச்சரித்து, வீட்டார் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். காலையில் பின்பக்கத்து மண் சமையலறைக்குள் இறங்கியிருந்தது. அவனால்தான் தப்பினார்கள் என்று நாங்கள் பெருமையடிக்கவில்லை. தோட்டத்துப் பெரியவர்களும் இறங்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் போத்தலும் ஒரு சத்தமாக இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நிலாவெளிக் கரையையும் சுனாமி அடித்தது. அதே நாள் தாய்லாந்தின் புக்கெட்டில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்து விநோதமாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்து சத்தம் போட்டாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதற்கும் முன், 1883இல், சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கிரகட்டோவா என்ற எரிமலைத் தீவு வெடித்தபோது ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் தூரத்திலிருந்த ரொட்ரிகஸ் தீவில் அந்தச் சத்தம் கேட்டது. இலங்கைக் கரையிலும் கடல் ஏறி இறங்கியது. எரிமலை நம்மிடம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதைத்தான் அந்தப் பையனுக்குச் சொன்னோம். கடல் எல்லோருக்கும் பொது.

பஸ் பயம் நியாயமானது. அதற்குப் பதில் பகல் பயணம், இரண்டு சாரதி, புறப்படும் முன் பஸ்ஸைத் தகுதியான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி எழுத்தில் வாங்குவது. இதில் ஒன்று குறைந்தாலும் நாங்களே பயணத்தை நிறுத்துவோம். பயந்து பிள்ளையை வீட்டில் வைத்துவிட்டு, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அதே பிள்ளையை இரவு வேனில் இருபது பேரோடு ஏற்றுகிறோமே, அதையும் யோசியுங்கள்.

டியூஷன் கதைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் வேண்டும். 4,000 ரூபா இரண்டுக்கும் போதாது என்றால் எந்தப் பிள்ளைக்கு முடியாது என்று எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். போன வருடம் ஆறு பிள்ளைகளின் பணத்தை டவுன் கடைக்காரர்கள் சிலர் பெயர் சொல்லாமல் கட்டினார்கள். எந்தப் பிள்ளை என்று அவர்களுக்கும் தெரியாது.

பொம்பளைப் பிள்ளைகள் விடயந்தான் மிச்சம். இதை முஸ்லிம் ஆசிரியராக நாமே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல முடியாது. போன வருடம் எட்டு மாணவிகள் வரவில்லை. ஐந்து பேர் நமது வீட்டுப் பிள்ளைகள், மூன்று பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஆக, இது ஒரு சமூகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. வந்த மாணவிகள் பர்தாவோடு, பாவாடையோடு, முழங்கால் வரை தண்ணீரில் நின்றார்கள். இரண்டு பெண் ஆசிரியைகள் கூடவே. தங்கியது தனி அறை. லுஹர் தொழுகைக்கு இடம் ஒதுக்கினோம், ஆடி மாதமென்று மரக்கறி மட்டும் சாப்பிட்ட பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் செய்தோம். ஹஜ்ஜுக்குக் கடல் தாண்டிப் போவதற்கு நாம் பெண்களைத் தடுப்பதில்லை. படைப்பைப் பார்த்துச் சிந்திக்கச் சொன்ன மார்க்கம், பார்ப்பதற்கு ஆண்பிள்ளையை மட்டும் அனுப்பச் சொல்லவில்லை.

வராத எட்டுப் பேரில் ஒருத்தி, தரம் 9, புவியியலில் வகுப்பிலேயே முதல். பூண்டுலோயா ஆறு எங்கே போகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டு சரியாகக் காட்டியவளும் அவள்தான், நாங்கள் திரும்பி வந்த பிறகு. மணலைக் கையில் வாங்கி, கறுப்பைத் தனியாக ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "கடல் சத்தம் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். வந்த பிள்ளை ஒருத்தி தன் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். காற்றுச் சத்தந்தான் கேட்டது.

அவளுடைய வாப்பா இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். பெயர் போடவில்லை. நானா, வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ் எது, சாரதி யார், எங்கே தங்குவது, எந்த ஆசிரியை கூட வருவார், எல்லாவற்றையும் எழுத்தில் தருவோம். விரும்பினால் ஒரு தாய் எங்களோடு வரவும் இடம் வைத்திருக்கிறோம்.

மற்றவர்களும் வாருங்கள். எதிர்ப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். வட்ஸ்அப்பில் எழுதியதை நேரில் சொன்னால் பதில் சொல்வது எங்களுக்கும் சுலபம். பிள்ளைகளுக்கான லைப் ஜாக்கெட் யாரிடமாவது இருந்தால் இரவலாகத் தாருங்கள், போன வருடம் வாடகைக்கே நிறையப் போனது. வெறும் சோடாப் போத்தல் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இன்னும் முப்பது வீட்டுக்கு மழைமானி வைக்க வேண்டியிருக்கிறது.